குச்சிக்கிழங்கு, சேனை, பீட்ரூட்டுக்குத் தாங்குற மெஷின் எது: 1000 வாட் மிக்ஸியா, ஃபுட் பிராசசரா?

சேலத்து அடுக்களை:

வீட்டில் ஆறு பேர். இப்போது இருப்பது 550 வாட் மிக்ஸி, மூன்று ஜார். சட்னி, மசாலா, தேங்காய் எல்லாம் நன்றாகவே அரைபடுகிறது. சிக்கல் கெட்டியான காய்களில்தான். குச்சிக்கிழங்கு அடைக்கு ஒரே தடவையில் ரெண்டு கிலோ கிழங்கு துருவ வேண்டும் (சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளியைத்தான் குச்சிக்கிழங்கு என்போம்). பீட்ரூட், கேரட் துருவல் வாரத்தில் பாதி நாள் தேவை. சேனை வறுவலுக்கு ஒரே கனத்தில் வில்லை. சீசனில் பச்சை மஞ்சள், பெரிய நெல்லிக்காய்.

மிக்ஸியில் போட்டால் அடியில் கூழாகிறது, மேலே துண்டு துண்டாக அப்படியே நிற்கிறது. நடுவில் டப்பென்று ஒரு சத்தம். மோட்டார் மட்டும் சுற்றுகிறது, பிளேடு நின்றுவிடுகிறது. கப்ளரை (மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பல் வைத்த சின்னச் சக்கரம்) மாற்றினால் கொஞ்ச நாளில் மறுபடியும் அதே.

பட்ஜெட் 10,000 ரூபாய். 1000 வாட் மிக்ஸி வாங்கினால் தீருமா? இல்லை ஃபுட் பிராசசர்தானா? நீடித்து உழைக்க வேண்டும், அதுதான் முக்கியம். மாடல் பெயரை விட எதைப் பார்த்து வாங்குவது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கார்பன் பிரஷ்:

புதுசு வாங்குறதுக்கு முன்னாடி பழசுல கப்ளர் ஏன் ஒடையுதுன்னு பாத்துருங்க. காரணம் தெரியாம வாங்கினா, 1000 வாட்டுலயும் அதேதான் நடக்கும்.

கப்ளரை வேணும்னேதான் நைலான்ல செஞ்சு வெச்சிருக்காங்க. பிளேடு எங்கயாவது இறுகி நின்னா முதல்ல அது போகணும், மோட்டார் தப்பிக்கணும். மெயின் பாக்ஸ்ல இருக்குற ஃபியூஸ் மாதிரிதான். சில கடைல "இரும்புல போட்டுக்கங்க, ஆயுசுக்கும் ஒடையாது"ன்னு மெட்டல் கப்ளர் மாட்டி விடுவாங்க. மாட்டாதீங்க. கப்ளர் ஒடையாது சரி, அடுத்த தடவை பிளேடு இறுகுனா ஜார் ஷாஃப்ட் (பிளேடைச் சுத்துற தண்டு) வளையும், இல்லன்னா மோட்டாரோட கம்பிச் சுருள், அதாங்க காயில், புகையும். நூறு ரூபாய் சாமானைக் காப்பாத்தப் போய் ஆயிரம் ரெண்டாயிரம் செலவு.

இப்ப ஜாரைக் கையில எடுங்க. காலி ஜார், ப்ளக்குல சொருக வேண்டாம். தலைகீழாத் திருப்பி, அடியில இருக்குற கப்ளரை விரலால ஒரு சுண்டு சுண்டுங்க. ஒண்ணு ரெண்டு சுத்து லேசா ஓடி நிக்கணும். சுண்டுனவுடனே பிடிச்ச மாதிரி நின்னா புஷ்ஷுக்குள்ள (ஷாஃப்ட் உள்ள நின்னு சுத்துற உலோகக் குழல்) மாவு, நார், பிசுக்கு ஏறியிருக்கு. அந்த இறுக்கத்தையும் சேத்துத்தான் கப்ளர் தினம் இழுத்துட்டிருக்கு. அடுத்து பிளேடைப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. கண்ணுக்குத் தெரியிற அளவு ஆடுச்சுன்னா புஷ் தேஞ்சாச்சு. ஷாஃப்டைச் சுத்திக் கருப்பா தண்ணி கசியுறதும் அதோட அடையாளம்தான். அந்தத் தண்ணி சொட்டுச் சொட்டா கீழ மோட்டாருக்குள்ள போகும். பேரிங் போறது, காயில் போறதுன்னு வர்ற மிக்ஸில நிறைய இந்தக் கசிவுல ஆரம்பிச்ச கேஸ்தான்.

இறுக்கம் மட்டும்னா வெதுவெதுப்பான தண்ணி கால் ஜார், பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு விட்டு அரை நிமிஷம் ஓட்டி, கழுவி, கவிழ்த்து முழுசாக் காய விடுங்க. ரெண்டு மூணு தடவை இப்படிச் செஞ்சா இளகும். எண்ணெய் விடுறாங்க சிலர். சமையல் எண்ணெய் நாள்பட்டா பிசின் ஆகி இன்னும் இறுக்கும், வேண்டாம். புஷ் தேஞ்சிருந்தா ஷாஃப்ட், புஷ், வாஷர் மூணையும் சேத்து மாத்தணும். புஷ்ஷை மட்டும் மாத்தி தேஞ்ச ஷாஃப்டை அப்படியே விட்டா சீக்கிரமே மறுபடி கசியும்.

ஜார் அடி கப்ளரோட பல்லையும் பாருங்க. முனை மழுங்கி உருண்டையாப் போயிருந்தா, மேல இருக்குற பல் கீழ இருக்குறதை நுனியில மட்டும்தான் பிடிக்கும். மேலயும் கீழயும் சேத்து மாத்தலைன்னா புதுக் கப்ளரும் பழசு மாதிரியே போயிரும். மோட்டார் சுத்தி நிக்கிறதுக்குள்ள ஜாரைத் தூக்குறது, லாக் ஆகாத ஜார்ல ஸ்விட்ச் போடுறது, இதெல்லாம் பல்லைச் சீவிரும்.

இது மெஷின் பக்கம். காய் பக்கமும் ஒரு காரணம் இருக்கு. மிக்ஸி பிளேடு ஜாரோட அடியில இருக்கு, அது வேலை செய்ய மேல இருக்குற பொருள் திரும்பத் திரும்பக் கீழ விழணும். தேங்காயோட தண்ணி ஊத்தினா விழும். தண்ணியில்லாத சேனைத் துண்டு விழாது. பிளேடு முதல்ல அதை ஜார் சுவர்ல வீசிரும், அப்புறம் காத்துல சும்மா சுத்தும். நீங்க சொன்ன அடியில கூழ், மேல கட்டி அதுதான். பெரிய துண்டு ஒண்ணு பிளேடுக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டுனா டப். துருவல் வேணும்னா மிக்ஸி அதுக்கான சாமானே இல்லைங்க.

இன்னொண்ணு, பலர் தலைகீழாப் புரிஞ்சுக்கறது. காய் கெட்டியா இருக்கேன்னு 1ம் நம்பர்லயே ரெண்டு மூணு நிமிஷம் ஓட்டுவாங்க, மோட்டாருக்கு நல்லதுன்னு நெனச்சு. மோட்டாரைக் குளிர வைக்கிற விசிறி அதே ஷாஃப்ட்லதான் இருக்கு. வேகம் கொறஞ்சா காத்தும் கொறையும், லோடு மட்டும் அப்படியே இருக்கும். சீக்கிரம் சூடாகுறது 1ம் நம்பர்லதான். 1ல சில செகண்ட், துண்டு உடைஞ்ச சத்தம் கேட்டவுடனே 2, 3. துண்டு துண்டாத்தான் வேணும்னா நம்பரே வேண்டாம், வேகத் திருகைப் பின்னாடி திருப்பி ஒவ்வொரு செகண்டா விட்டு விட்டு அடிங்க.

பந்திவீடு:

கார்பன் பிரஷ் அண்ணா சொன்னது சரி. துருவலும் வில்லையும்தான் பிரதான வேலை என்றால் தட்டு பிளேடு உள்ள ஃபுட் பிராசசர்தான் வேண்டும், வாட் அடுத்த விஷயம். தட்டு காயைச் சீவும். மிக்ஸி பிளேடு காயை அடித்து உடைக்கும். அதனால் ஒரு கிலோ கேரட்டைத் துருவத் தட்டுக்கு ஒன்றிரண்டு நிமிடமே போதும், மோட்டாருக்கும் பெரிய சிரமம் இல்லை.

கடையில் தட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். இரண்டு வகை உண்டு. முழுத் தட்டும் ஸ்டீல், ஓட்டைகளும் கத்தியும் அதிலேயே அடித்தது ஒன்று. பிளாஸ்டிக் தட்டில் சின்ன ஸ்டீல் பட்டையைச் செருகி மாற்றிக்கொள்வது இன்னொன்று. செருகும் வகை வெள்ளரிக்கும் வெங்காயத்துக்கும் போதும். குச்சிக்கிழங்கை அழுத்தினால் பட்டை ஒரு ஓரம் தூக்கும். பிறகு மூடியின் உள்பக்கத்தை உரசிக்கொண்டே ஓடும். ரெண்டு கட்டை விரலாலும் தட்டை வளைத்துப் பாருங்கள், வளைந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

அடுத்து மூடி. பிராசசரில் முதலில் போவது மோட்டார் இல்லை, மூடியின் ஓரத்தில் இருக்கும் சின்ன நாக்கு. அது போய்ப் பூட்டினால்தான் மெஷின் ஓடும். நாக்கு உடைந்தால் நல்ல மோட்டார் இருந்தும் மெஷின் கிளம்பாது. வாங்கும் முன் கிண்ணமும் மூடியும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டு வையுங்கள். கிண்ணத்தின் விலை மெஷின் விலையில் பாதி என்றால் அந்த மாடலை விட்டுவிடுவதே மேல். கொதிநீரில் கழுவுவது, மூடியை மாட்டிய நிலையிலேயே அலமாரியில் வைப்பது, இரண்டும் நாக்கைச் சீக்கிரம் விரிசல் விட வைக்கும்.

குச்சிக்கிழங்குக்கு வருகிறேன். மேல் பழுப்புத் தோலோடு அதற்கடியில் இருக்கும் தடித்த தோலும் போக வேண்டும். கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறு போட்டு நெம்பினால் ரெண்டும் சேர்ந்து உரிந்து வரும். பிறகு நீளமாக நான்காகப் பிளந்து நடு நரம்பை எடுத்துவிடுங்கள். அந்த நரம்பு விறகுதான். தட்டின் பல்லில் குறுக்காக மாட்டி அடுத்து வரும் கிழங்கையெல்லாம் தடுத்து நிறுத்தும். கிழங்கு பிடுங்கி ரெண்டு மூன்று நாளுக்குள் துருவிவிட வேண்டும். வெட்டினால் உள்ளே நீலக் கருப்புக் கோடு தெரிகிறதா, அது பழசு; கட்டை தட்டியிருக்கும், தட்டுக்கும் கேடு, ருசியும் இருக்காது. துருவியதைப் பிழிந்து அன்றைக்கே வேகவைத்துவிடுங்கள், பச்சையாகச் சாப்பிடும் கிழங்கில்லை இது. கசப்பாக இருந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும்.

துருவும்போது, மூடிக் குழாயில் காயை உள்ளே தள்ளும் தள்ளுகட்டையை அமுக்காதீர்கள். கட்டையின் எடையும் கையின் லேசான பாரமும் போதும். அமுக்கினால் வேகமாகத் துருவாது, தட்டு கீழே வளைந்து துருவல் தடிமனாகும், மோட்டார் முனகும். குழாயில் காயை நிற்கவைத்து நெருக்கமாக அடுக்கினால்தான் சாயாமல் நேராகச் சீவும். கிண்ணம் முக்கால் நிறைந்தால் நிறுத்திக் கொட்டிவிடுங்கள். துருவல் எழும்பித் தட்டின் அடியைத் தொட்டுவிட்டால் அங்கேயே அரைபட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும். பிறகு "இந்த மெஷின் துருவவே மாட்டேங்குது" என்று பழி அதன்மேல்! கடைசியில் தட்டின் மேல் ஒரு மெல்லிய வில்லை மிஞ்சும். அது எல்லா மெஷினிலும் மிஞ்சும், பழுது என்று நினைக்க வேண்டாம்.

வாடிய கேரட் ரப்பர் மாதிரி வளைந்து பல்லில் இழுபடும். அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்தால் விறைத்துக்கொள்ளும். சேனையில் மண்தான் எதிரி. தோல் சீவும் முன்னும் பின்னும் கழுவுங்கள். மணல் ஒட்டியிருந்தால் தட்டின் கூர் சீக்கிரம் போய்விடும். வில்லைத் தட்டு பெரும்பாலும் 2 முதல் 4 மி.மீ. கனத்துக்குத்தான் சீவும். சிப்ஸுக்குச் சரி. வறுவலுக்கு அரை விரல் கனம் வேண்டும் என்றால் கத்தியும் பலகையும்தான், அதில் மெஷினை எதிர்பார்க்காதீர்கள்.

சேலத்து அடுக்களை:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஜாரைச் சுண்டிப் பார்த்தேன், சுற்றவே இல்லை, அப்படியே நிற்கிறது. பெரிய ஜார் மட்டும்தான் இப்படி. மற்ற ரெண்டும் நன்றாகச் சுற்றுகின்றன.

இன்னும் ரெண்டு சந்தேகம். மிக்ஸியோடு சேர்ந்து வரும் பிராசசர் ஜார் போதுமா, தனி மெஷின்தான் வேண்டுமா அக்கா? அமெரிக்காவிலிருந்து வரும் தம்பி 2 குதிரைத்திறன் பிளெண்டர் ஒன்று வாங்கி வரட்டுமா என்கிறான். கல்லையே பொடியாக்கும் என்று விளம்பரத்தில் காட்டுகிறார்களாம்.

கார்பன் பிரஷ்:

தம்பியை வேற ஏதாவது வாங்கிட்டு வரச் சொல்லுங்க.

அங்க கரண்டு 120 வோல்ட். நம்ம 230ல நேரா சொருகினா அப்பவே போயிரும். அந்த அளவு மோட்டாருக்கு 2000 வி.ஏ.க்கு (அது தாங்குற திறனோட அளவு) மேல, வோல்டேஜைக் கொறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். கிரைண்டர் மாதிரி கனமா ஒரு பெட்டி அடுக்களை ஓரத்துல உக்காந்திருக்கும். அதைச் சமாளிச்சாலும் அந்த மெஷின் உங்க வேலைக்கு ஆகாது. அது தண்ணி ஊத்தி மை மாதிரி அடிக்கிறதுக்கு: சூப்பு, ஜூஸ், ஸ்மூத்தி. பச்சைக் கேரட்டைத் தண்ணியோட போட்டா பட்டு மாதிரி வரும், மறுக்கல. ஆனா துருவாது, வில்லை போடாது. ஜார் அகலம், அதனால ஒரு கைப்பிடி மசாலாவைப் போட்டா சுவர்ல அப்பிக்கிட்டு நிக்கும். நம்ம ஊர் மிக்ஸியே அதனால வந்ததுதான். வெளிநாட்டு பிளெண்டர் நம்ம அரைப்புக்குத் தாங்காமப் போய்த்தான் 1960கள்ல சுமீத் மாதிரி மெஷின் உருவாச்சு.

1000 வாட் விஷயம். வாட்டுன்னு ஒட்டியிருக்கிறது மோட்டார் இழுக்குற கரண்டு, பிளேடுக்குப் போய்ச் சேர்ற பலம் இல்லை. 750ல நல்ல மோட்டார் ஒண்ணு, மோசமான 1000த்தை விட நல்லா இழுக்கும். 550 மோட்டார் மாட்டுன துண்டுல திணறி வேகம் கொறையும், நீங்களும் சத்தம் கேட்டு நிறுத்துவீங்க. 1000 திணறாது. கப்ளரையோ ஷாஃப்டையோ முறிச்சுட்டுத்தான் நிக்கும். தினம் கொப்பரை, பருப்பு, ஒரு லிட்டர் சட்னின்னு அரைக்கிற வீட்டுக்கு 1000 சரி. உங்களுக்கு 750 தாராளம்.

கடைல பாக்க வேண்டியது சொல்றேன். மிக்ஸியைத் திருப்பி, விவரம் போட்ட ரேட்டிங் பிளேட்டைப் படிங்க. மிக்ஸிக்கான இந்தியத் தர எண், ஐ.எஸ். 4250, போட்ட ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கணும். மொத்தம் 30 நிமிஷம்னும், அதுல 5 நிமிஷம் ஓட்டு 2 நிமிஷம் ஓய்வுன்னும் போட்டிருக்கும். அது விளம்பரம் இல்லை, அந்த மோட்டாரோட அளவு. பல வீட்டுல அதை ஒருத்தரும் படிக்கிறதில்லை. அப்புறம் ரெண்டு மாடலையும் ரெண்டு கையில தூக்கிப் பாருங்க. ஒரே வாட் போட்டு ஒண்ணு வெறும் டப்பா மாதிரி லேசா இருந்தா, உள்ள செம்பும் தகடும் கம்மின்னு சந்தேகப்படலாம். காயில் செம்பா அலுமினியமான்னு கேட்டு பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. அடியில சிவப்புப் பட்டன், அதாங்க ஓவர்லோட் சுவிட்ச், இருக்கான்னு பாருங்க. டிரிப் ஆனா உடனே அமுக்கி ஓட்டக்கூடாது. அஞ்சு பத்து நிமிஷம் ஆற விட்டு, ஜார்ல பாதியை எடுத்துட்டு ஓட்டணும். ரெண்டாவது தடவையும் டிரிப் ஆனா சாமான் ஜாஸ்தி, இல்லன்னா ஜார் இறுக்கம்.

வாரண்டி கார்டைப் பாத்து ஏமாந்துராதீங்க. மோட்டாருக்கு அஞ்சு வருஷம்னு பெருசா போட்டிருக்கும். கப்ளர், பிரஷ், வாஷர், பிளேடு எல்லாம் தேய்மான சாமான்னு பொடி எழுத்துல பெரும்பாலும் தள்ளியிருப்பாங்க. நிஜத்துல போறது அதெல்லாம்தான். அதனால உங்க ஊர் மிக்ஸி ரிப்பேர் கடைல போய், "இந்த மாடல் கப்ளரும் புஷ்ஷும் ஸ்டாக் இருக்கா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க. எந்த ரிவ்யூவும் அந்தப் பதில் அளவுக்கு உதவாது.

வோல்டேஜ் கம்மியா வர்ற ஏரியான்னா, 180க்குக் கீழ இருக்குறப்ப கெட்டிச் சாமான் போடாதீங்க. வேகமும் விழும், விசிறிக் காத்தும் விழும். சின்ன இன்வெர்ட்டர்ல மிக்ஸி ஓட்டுறதும் வேண்டாம், கிளம்புறப்ப இழுக்குற கரண்டை அது தாங்காது.

பந்திவீடு:

பிராசசர் ஜார் கேள்விக்கு. ஆறு பேர் வீட்டுக்கு மிக்ஸியோடு வரும் ஜாரே போதும், 10,000க்குள் அடங்கும், மேடையில் இடமும் மிச்சம். ஒரு நிபந்தனை: மிக்ஸியின் வேகம் தட்டுக்கு மிக அதிகம். அதைக் குறைக்கச் சில மாடல்களில் ஜாரின் அடியில் பல்சக்கரம் இருக்கும். இல்லாத மாடல்களில் 1ல்தான் ஓட்டச் சொல்வார்கள். பல்சக்கரம் இருப்பதையே தேர்ந்தெடுங்கள். அந்தச் சக்கரத்தைக் கெடுப்பது காய் இல்லை, இறுக்கமான சப்பாத்தி மாவு. அரை கிலோவுக்கு மேல் போட்டு, தண்ணீரைக் குறைத்துப் பிசைந்தால் பல் வழுக்கும். அடியிலிருந்து கடகடவென்று சத்தம் கேட்டால் நிறுத்திவிட வேண்டும்.

தனி மெஷின் எப்போது வேண்டும்? ஒரே மூச்சில் நாலைந்து கிலோ துருவும் வேலை அடிக்கடி இருந்தால். அப்போது இண்டக்‌ஷன் மோட்டார் உள்ளதைப் பாருங்கள். நிமிடத்துக்கு 1400 சுற்று அளவில் நிதானமாக ஓடும், சத்தம் குறைவு, மோட்டாரின் சுற்றும் பாகத்துக்குக் கரண்டைக் கடத்தும் கரித்துண்டு, அதாவது கார்பன் பிரஷ்ஷே, கிடையாது (அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம்). ஆனால் அது உங்கள் பட்ஜெட்டில் வராது, மசாலாவும் அரைக்காது.

ஊசிமிளகாய்:

எல்லாரும் மெஷின் விற்கிற மூடில் இருக்கீங்க போல. ரெண்டு கிலோ கிழங்குக்கும் கால் கிலோ பீட்ரூட்டுக்கும் பிராசசரா? கால் கிலோ பீட்ரூட்டை நல்ல ஸ்டீல் துருவியில் அஞ்சே நிமிஷத்தில் சீவிடலாம். பிராசசரில் அரை நிமிஷம்தான். அப்புறம் கிண்ணம், மூடி, தட்டு, அச்சு, தள்ளுகட்டைன்னு ஒவ்வொண்ணாக் கழுவணும். மூடி விளிம்புக்குள்ள நுழைஞ்ச துருவலை ஊசி வெச்சுக் கிண்டணும். இந்தக் கழுவுற வேலைக்குப் பயந்தே பாதி வீட்டில் அது அட்டைப்பெட்டியோட பரணில் கிடக்கு.

நாலு பக்கத் துருவி வேண்டாம், வழுக்கும். தட்டையா, நீளமா, அடியில் பாத்திரத்து விளிம்பில் மாட்டிக்கிற பள்ளம் இருக்கிறதை வாங்குங்க. ஓட்டையை விரலால் தடவிப் பாருங்க, ஒரு திசையில் மட்டும் சுரீர்னு பிடிக்கணும். ரெண்டு திசையிலயும் மழுங்கலா இருந்தா அது வெறும் அச்சடிச்ச தகடு. குச்சிக்கிழங்குக்கு மட்டும் கை வலிக்கும், ஒத்துக்கறேன். அதுக்குத் துருவவே வேண்டாமே. அடைன்னா ஊறின அரிசியோட வெட் கிரைண்டரில் போடுங்க. நரம்பெடுத்த கிழங்கைச் சுண்டுவிரல் அளவு துண்டாக்கி, அரிசி முக்கால் பதம் அரைபட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமா உள்ளே விட்டா கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. முதலிலேயே கொட்டினா கல்லு, கிழங்குத் துண்டு மேல ஏறிக் குதிக்கும், பெல்ட் வழுக்கும்.

மீதிப் பணத்துக்கு அந்தப் பெரிய ஜாருக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் மாத்துங்க.

பந்திவீடு:

ஊசிமிளகாய் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். கால் கிலோவுக்கு மெஷினை இறக்குவது வீண். ஆனால் கிரைண்டரில் அரைத்தால் அடையில் துருவலின் கரகரப்பு வராது, தோசை மாவு போல ஆகிவிடும். அது வேண்டும் என்கிறவர்களுக்குத் தட்டுதான். கழுவுவதற்கு ஊசி வேண்டாம்: கிண்ணத்தில் அரை லிட்டர் தண்ணீர் விட்டு, ரெண்டு தடவை விட்டு விட்டு ஓட்டினால் விளிம்பில் இருப்பது பெரும்பாலும் வந்துவிடும். காய விடாமல் உடனே செய்ய வேண்டும்.

மற்ற காய்களையும் சொல்லிவிடுகிறேன். பெரிய நெல்லிக்காயைக் கொட்டையோடு எந்த மெஷினிலும் போடாதீர்கள், பிளேடின் முனை தெறிக்கும். ஆவியில் அஞ்சு நிமிடம் வைத்தால் சுளை சுளையாகப் பிரியும், கொட்டையை எடுத்துவிட்டு அரையுங்கள். பச்சை மஞ்சளும் இஞ்சியும் நார் உள்ளவை. நாருக்குக் குறுக்கே மெல்லிய வில்லையாக நறுக்கி, சின்ன ஸ்டீல் ஜாரில் கொஞ்சம் தண்ணீரோடு அரைக்க வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் மஞ்சள் பட்டால் கறை போகாது. வெயிலில் காயவைத்தால் நாளடைவில் வெளுக்கும். காய்ந்த விரலி மஞ்சளை முழுசாக மிக்ஸியில் போடவே கூடாது. உரலில் தட்டிச் சின்னதாக்கிப் போடலாம், இல்லையென்றால் மாவு மில்.

வாழைத்தண்டும் அப்படித்தான். வட்டமாக நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றி எடுத்துவிடுங்கள். விட்ட நார் பிளேடின் அடியில் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டு புஷ் வரை இறங்கும். உங்கள் பெரிய ஜார் இறுகியதற்கு இது காரணமாக இருக்கலாம்.

சேலத்து அடுக்களை:

வாழைத்தண்டு ஜூஸ் அந்த ஜாரில்தான் போடுவோம்! சரி, முதலில் ஜாரைச் சரி செய்கிறேன், துருவி ஒன்று வாங்குகிறேன். அடைக்குக் கரகரப்பு வேண்டும், அதனால் 750 வாட், பல்சக்கரம் உள்ள பிராசசர் ஜாரோடு வருவதை விசாரித்து வைக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி: மோட்டார் பக்கத்துக் கப்ளரும் மழுங்கியிருக்கிறது. கழற்றப் பார்த்தால் அசையவே மாட்டேன் என்கிறது. இடது பக்கம் எவ்வளவு திருப்பியும் வரவில்லை.

கார்பன் பிரஷ்:

இன்னும் திருப்பாதீங்க, இறுக்கிட்டிருக்கீங்க. ஓடும்போது தானாக் கழண்டுராம இருக்கணும்னு மரையை எதிர்த் திசையில வெட்டியிருப்பாங்க. மோட்டார் எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கம் திருப்புனாத்தான் கழலும். ஜார் இல்லாம ஒரு செகண்ட் ஓட்டிப் பாத்து திசையைத் தெரிஞ்சுக்கங்க, அப்புறம் ப்ளக்கைப் புடுங்கிருங்க. பெரும்பாலும் கடிகாரம் சுத்துற பக்கம்.

கப்ளரை மட்டும் திருகினா ஷாஃப்டும் கூடவே சுத்தும். மிக்ஸியைப் படுக்க வெச்சு அடி மூடியைத் திறந்தா ஷாஃப்டோட கீழ் நுனி தெரியும். பல மாடல்ல ஸ்குரூ டிரைவர் வைக்க அதுல ஒரு கீறல் இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு மேல கப்ளரை துணி சுத்தின பிளையரால திருகுங்க. கீறல் இல்லன்னா விசிறியைப் பிடிச்சு நெம்பாதீங்க, இறக்கை ஒடிஞ்சிரும். கடைக்கே எடுத்துட்டுப் போயிருங்க, அவங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலை. திறந்தது திறந்தீங்க, கார்பனையும் வெளியே எடுத்துப் பாருங்க. 5 மி.மீ.க்குக் கீழ தேஞ்சிருந்தா ஜோடியா மாத்திருங்க, ஒண்ணை மட்டும் மாத்தக் கூடாது.

புதுக் கப்ளரைக் கையால இறுக்குனா போதும், மீதியை மோட்டாரே இறுக்கிக்கும். வாங்கப் போறப்ப பழைய கப்ளர் ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. பல் எண்ணிக்கை ஒண்ணா இருந்தாலும் உயரம் மாறும். உயரம் கொறஞ்சா மறுபடி நுனியில மட்டும்தான் பிடிக்கும்.